எந்தக் கறுப்பு

பகலில் நான் பல் செய்கிறேன்.
ஃப்ரீமாண்டிலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில்.
பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த விசிறியை
யாரோ ஒருவர் வாயருகே பிடித்து
டாக்டர் எடுக்கும் படம் எனக்கு வரும்.
வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது,
இருபது வருடமாக அதில்தான் என் சோறு.

இரவில் நீர்மூழ்கி.
நாற்பத்து நாலில் இந்தத் துறைமுகத்திலிருந்து போய்
இங்கேயே திரும்பி வந்த ஒன்று
சாப்பாட்டு மேசையில், நேற்றைய நாளிதழின் மேல்,
ஒன்றேகால் முழம் நீளத்தில் கிடக்கிறது.

“நாலு குப்பியும் கறுப்புதானே?”
அரிசி களைந்த ஈரக்கையோடு இளம்பரிதி.
கறுப்புதான்.
ஒன்றன் அடியில் நீலம் இருக்கிறது.
ஒன்று காக்கைச் சிறகு.
ஒன்று அடிபிடித்த பால்சட்டி.
நாலாவது பச்சைக்குப் போகிற வழியில்
மனம் மாறி நின்றுவிட்டது.

சங்கத்தில் கோர்டன் விட்லாக்குக்கு
எண் இல்லாத நிறம் நிறமே இல்லை.
ஆணையில் கறுப்பு என்றிருக்கிறது என்றார்.
ஆணை எழுதியவர் அலுவலகத்தில் இருந்தார்.
பூசியவன் ஜனவரி வெயிலில்
மிச்சமிருந்த டின்னில் டர்பன்டைன் ஊற்றிக்கொண்டிருந்தான்.

என்னிடம் ஒரு புகைப்படம்.
கடல் சாம்பல். படகு சாம்பல்.
மேல்தளத்தில் நிற்கும் பையனின் காது சாம்பல்,
அவன் உரிக்கிற ஆரஞ்சும் சாம்பல்.
ஆரஞ்சின் நிறம் எனக்குத் தெரியும்;
அதிலிருந்து அளந்து அளந்து
படகுக்கு வந்துவிடலாம் என்று இரண்டு இரவு உட்கார்ந்தேன்.
பாதியில்தான் உறைத்தது:
அது எலுமிச்சையாக இருந்தால்?

அளவு நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு.
என் கண்ணுக்கும் படகுக்கும் நடுவே இரண்டடி.
படகின் கணக்கில் அது இருநூற்று எண்பத்தெட்டு அடி,
அவ்வளவும் காற்று, உப்பு, வெளிச்சம்.
அதையும் கலக்கவேண்டும்.
பத்துச் சொட்டுக் கறுப்புக்கு ஒரு சொட்டு வெளிர்சாம்பல்,
தூரத்துக்காக.

துருவில் கை அடங்கவேண்டும்.
புதிதாக வருகிறவர்கள்
சுண்டல் வண்டிக்காரர் மிளகாய்ப்பொடி தூவுவதுபோல்
தூவிக்கொண்டே போவார்கள்.

மூன்று மணிக்குக் கடலிலிருந்து வரும் காற்றுக்கு
இவ்வூரில் டாக்டர் என்று பெயர்.
சொல்லாமல் நுழைந்து
ஈரம் காயாத முதுகில் மணலை ஒட்டிவிட்டுப் போகிறார்.
தேய்த்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து.

சென்னைமேல் குண்டு போட்ட கப்பலின் பெயரை
சாமர்த்தியக்காரனுக்கு வைத்த மொழி நம்முடையது.
‘அவன் சரியான எம்டன்’ என்று
என் மாமியார் இன்றும் போனில் யாரையாவது சொல்கிறார்.
அது என்ன நிறம் என்று யாரும் கேட்டதில்லை.
நான்தான் கேட்டேன். “கப்பல் நிறம்தான்” என்றார்.

நல்ல பல் என்றால் யார் கண்ணிலும் படக்கூடாது.
சிரிக்கும்போது எது நான் செய்தது என்று
பக்கத்தில் தூங்குகிறவருக்கும் தெரியக்கூடாது.
இந்தப் படகுக்கு நிறம் தேர்ந்தவரும்
அதையேதான் விரும்பியிருப்பார்:
மேலே பறக்கிறவன் குனிந்து பார்த்தால்
தண்ணீர்.
சனிக்கிழமை நடுவர்கள் மூன்று பேர்
விளக்கடியில் வைத்து
எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று மதிப்பெண் போடுவார்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன்.
இரண்டு பாதிகளின் உட்புறமும்
பல்லின் நிறம், கொஞ்சம் மஞ்சள் விழுந்தது,
டீ குடிப்பவருடையது.
உள்ளே இருந்தவர்கள் நாள்கணக்கில் பார்த்தது
ஏதோ ஒரு வெளிர்சுவரைத்தானே.
வெளிக்கறுப்பு எந்தக் கறுப்பு என்று
அவர்களுக்கு ஏன் தெரியவேண்டும்?
பிறகு பசை. ரப்பர்பேண்ட். ஒரு ராத்திரி.

வெள்ளியன்று விடியுமுன் வடக்கு அலைச்சுவருக்குப் போனேன்.
நாலு குப்பியின் மூடியிலும் ஒரு தீற்றல்.
சூரியன் ஊருக்குப் பின்னால் வருகிற கடற்கரை இது;
வெளிச்சம் முதுகில் பட்டும்
தண்ணீர் இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஒவ்வொரு மூடியாகக் கை நீட்டிப் பிடித்தேன்.
மூன்று தெரிந்தன.
நாலாவது இருந்த இடத்தில் என் விரல்கள் மட்டும்.

படிவத்தில் ‘நிறம்’ என்ற கட்டம்.
எழுதினேன்: கடல், ஐந்து மணி பத்து நிமிடம், காற்றில்லை.
கோர்டன் அடித்துவிட்டு எண் கேட்பார்.
கேட்கட்டும்.
மூடியில் அச்சடித்திருந்த எண்
டர்பன்டைன் பட்டு அழிந்துவிட்டது.