இருநூற்றுப் பதினேழாம் பை

இலோமன்சியில் அக்டோபர்.
பனி விழ இன்னும் பத்து நாள் இருக்கலாம்,
அதற்குள் எடுத்தாக வேண்டும்.
தூரே கெத்துனன் மண்டியிட்டுப்
பாசியை விலக்குகிறான்.
பேரேடு என் கையில், பிளாஸ்டிக் உறைக்குள்.

ஐந்து இலையுதிர்காலம் முன்பு
பைக்கு ஒரு கிராம் பைன் ஊசி என்று நிறுத்து,
நைலான் வலையில் வாய் தைத்து,
தரையோடு ஆணியடித்தோம்.
நானூறு பைகள். ஆண்டுக்கு எண்பது வெளியே வரும்.
உலர்த்தி, மறுபடி நிறுத்து,
காணாமல் போனதை எழுதுவேன்.
இருந்ததிலிருந்து இருப்பதைக் கழிக்க
எனக்குச் சம்பளம்.

இரட்டையாகத்தான் விழுகின்றன ஊசிகள்,
ஒரே காலுறைக்குள் இரண்டு கால் நுழைத்ததுபோல்.
கிளையில் பச்சையாய் இருக்கையிலேயே
பூஞ்சை உள்ளே குடிவந்துவிடுகிறது,
சத்தமில்லாமல், வாடகையில்லாமல்,
விழும் நாளுக்காக.
விழுந்த பின் ஊசிக்குக் குறுக்கே
மெல்லிய கறுப்புக் கோடுகள்.
இரண்டு பூஞ்சைகள் முட்டிக்கொண்ட இடம், என்றான் தூரே.
இதுவரை உன்னது, இனி என்னது.
ஒரு விரல் நீளத்தில் மூன்று நாடுகள்.

கிழக்கே போனால் எங்களுக்கும் ஒரு கோடு உண்டு,
மஞ்சள் பலகைகளோடு.
அதன்மேலும் பைன்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல்
உதிர்த்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் உண்ணிகள்,
கண்ணுக்குத் தெரியாத அளவில்.
ஊசிக்குள் துளைத்துப்போய்ச் சதையைத் தின்று
தோலை விட்டுவைக்கும்.
வெளியிலிருந்து பார்த்தால் முழு ஊசி.
இடுக்கி பட்டதும் பொலபொலவென்று.
உருப்பெருக்கியில் அந்தத் தூள்
சின்னச் சின்ன உருண்டைகள்,
யாரோ சாப்பிட்டு எழுந்த இலை.

முதல் ஆண்டு மூன்றில் ஒரு பங்கு போயிற்று,
பந்தியில் பாயசம் போகிற வேகத்தில்.
பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைச்சல்.
இப்போது மிஞ்சியிருப்பது கசப்பும் கட்டையும்,
எவருக்கும் பசிக்காதது.
இது கரைய நாங்கள் யாரும் இருக்கமாட்டோம்.
எனக்கொன்றும் அவசரமில்லை,
தராசுக்கும்.

217.
ஆணி இருக்கிறது.
ஆணியில் நான்கு இழை நைலான்.
பக்கத்தில் மூஸ் மானின் குளம்புக் குழி,
உள்ளே தண்ணீர், தண்ணீரில் வானம் கொஞ்சம்.
"இங்கே வா, ரௌனி."

பதினோரு அடி தள்ளி
இடுப்புயரத்துக்கு எறும்புக் குன்று.
முழுக்க ஊசிகள்,
சாய்த்துச் சாய்த்து வேய்ந்த கூரை.
தெற்குச் சரிவில் எங்கள் தகரத் தகடு
வீட்டு எண்போலக் கிடந்தது.
குளிருக்கு முன்பே எல்லோரும் கீழே இறங்கியாயிற்று.
ஒரேயோர் எறும்பு மட்டும்
இன்னும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது.

பேரேட்டில் இரண்டே கட்டம்:
எஞ்சியது. இழந்தது.
"இழந்ததில் போடு" என்றான்.
எங்கே இழந்தோம்?
அறுபது எழுபது ஊசிகள்,
இந்தக் குன்றுக்குள்ளேதான் இருக்கின்றன,
எவை என்று கேட்டால் கை காட்ட முடியாது.
மழையை நிறுத்திவைக்கும் வேலையில் சேர்ந்துவிட்டன,
அழுகுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு.

'குடியிருக்கிறது' என்று எழுதினேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள்.
அழித்தேன்.
கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்,
பென்சில்தான்.

தகட்டைத் தூரே எடுக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

218, என்றான்.