பதினேழாம் பக்கம்

வங்கிக்காரர் பென்சிலால் சுழித்துக் காட்டிய இடத்திலெல்லாம்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தோம்.
பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி:
கடன்தாரர் இவ்வீட்டில் தாமே குடியிருப்பார்.
அன்றைக்குச் சிரிப்பு வந்தது.
பின்னே, வேறு யார் இருப்பார்கள்?

ரெஜினா டீச்சர் இருக்கிறார்.
அவர் வீட்டுக்காரர், ஒரு தையல் மிஷின்,
கூண்டில் இரண்டு லவ்பேர்ட்ஸ்.
அட்வான்ஸ் எழுபது, மாசம் பதினாலு.
கப்பலூர்க் கம்பெனி ஒரு ஷிஃப்டை மூடிய வாரம்
இருளப்பன் கணக்கெழுதிய காகிதத்தை
என் பக்கம் திருப்பி வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.
விளாங்குடி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு
செல்லூருக்கு வந்தோம், ஆறாயிரத்து ஐந்நூறுக்கு.
ஒன்றரை அறை. தறிச்சத்தம் இலவசம்.

ஐந்தாம் தேதி அவர்கள் தருவார்கள்.
ஆறாம் தேதி நான் தருவேன்.
என் ஸ்கேன் சென்டர் சம்பளத்தையும் சேர்த்து
ஏழாம் தேதி விடியுமுன்னே, யாரையும் கேட்காமல்,
இருபத்து மூவாயிரத்து நானூற்றைம்பதை
வங்கி எடுத்துக்கொள்ளும்.
எட்டாம் தேதி மீதியைப் பார்ப்பேன்,
பல் விழுந்த இடத்தை நாக்கு போய்த் தொடுகிற மாதிரி.

ஆடியில் ஒரு மத்தியானம் போன்.
"மேடம், ஹோம்லோன் செக்ஷன். சும்மா வெரிஃபிகேஷன்தான்.
அந்த வீட்லதான இருக்கீங்க?"
"ஆமா சார். அடுப்படியிலதான் நிக்கிறேன்."
பாதிதான் பொய். அடுப்படியில்தான் நின்றேன்.
"என்னமோ சத்தம் கேக்குதே?"
சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறி.
"மிக்ஸி சார்."
அவர் காத்திருந்தார்.
நானும் காத்திருந்தேன்.
எவ்வளவு நேரம்தான் அரைக்கும் ஒரு மிக்ஸி.

"பாதி ஊரு இப்பிடித்தான் இருக்கு" என்றார் இருளப்பன், ராத்திரி.
நாம எந்தப் பாதி என்று கேட்டேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜிபேயில் போட்டுவிடவா என்பார் டீச்சர், மாசாமாசம்.
வேண்டாம், நானே வருகிறேன் என்பேன்.
பாஸ்புக்கில் வாடகை என்று ஒரு சொல் விழக் கூடாது.
அது ஒரு காரணம்.
தத்தனேரி தாண்டும்போது
யாரோ கடைசியாகப் போன வழியில் செவ்வந்தி நசுங்கிக் கிடக்கும்.
பாத்திமா காலேஜ், அப்புறம் என் தெரு.
என் வீட்டு மணியை நானே அழுத்தி
யாராவது திறக்கட்டும் என்று நிற்பேன்.

போன ஐந்தாம் தேதி
டீச்சர் பணத்தோடு ஒரு கவரும் கொண்டு வந்தார்.
"பேங்க்லருந்து ஒரு தம்பி வந்துச்சு.
ஓனரு எங்கன்னு கேட்டுச்சு.
அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க,
நாங்க சொந்தக்காரங்க, ஊர்லருந்து வந்திருக்கோம்னுட்டேன்."
சொல்லிவிட்டு, மேடையில் குனிந்து டீ ஆற்றினார்.
நான் குட்டை. கொத்தனாரிடம் சண்டை போட்டு
நாலு விரல்கடை இறக்கிக் கட்டிய மேடை.
டீச்சர் நெட்டை.
"இடுப்பு போகுதுக்கா" என்றார், சிரித்துக்கொண்டே.
வாடகையை ஐந்நூறு கூட்டிக் கேட்க வந்திருந்தேன்.
டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.
வீட்டை வாடகைக்கு விட அனுமதி கேட்டு
முறையாக ஒரு கடிதம்.
பொருள் எழுதினேன்.
மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு என்றும் எழுதினேன்.
அனுப்புநர் என்ற சொல்லுக்குக் கீழே
எந்த விலாசம் என்று தெரியவில்லை.

பால் பொங்குகிற வாசனை.
இங்கே மேடை எனக்கு உயரம்.
பலகையை இழுத்துப் போட்டு, ஏறி நின்று,
அடுப்பை அணைத்தேன்.