கறைக்குக் கரை

கீழ்வீட்டு மாரால் கதவைத் தட்டியபோது
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
கையில் பென்சில், தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.
உங்கள் குளியலறைத் தண்ணீர்
என் உட்கூரையில் இறங்குகிறது, என்றாள்.
மன்னிப்பை எடுத்து நீட்டுமுன்
அடுத்ததையும் சொன்னாள்:
நவ்ரூஸ் வரைக்கும் பழுது பார்க்காதீர்கள்.

வெட்கத்தோடு அரைக்கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு
கீழே போனேன்.
ஏணி. அதன்மேல் அண்ணாந்து பார்த்தால்
தாம்பாளம் அகலத்துக்கு ஓர் ஈரம்.
அதைச் சுற்றிப் பென்சில் கோடு,
கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு,
ஒவ்வொன்றின் அருகிலும் தேதி:
அஸர் இருபது, அஸர் இருபத்தாறு, தெய் மூன்று.

தறியில் மீன்கள்.
தப்ரீஸில் யார் வீட்டிலும் மிதிபடுகிற அதே மீன்கள்,
இலையா மீனா என்று கடைக்காரனும் தடுமாறுகிற வளைவு,
கீழ்க்கரையை முடித்துவிட்டு
இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தன.
நடுவில், பதக்கமும் பூவும் பூக்கவேண்டிய இடத்தில்
என் வீட்டு அழுக்குத் தண்ணீர்.
தேயிலை நிறம், மாதுளை ஓட்டின் நிறம்,
ஓரத்துக்கு அக்ரூட் தோலின் கறுப்பு.
ஏழு சென்டிமீட்டருக்கு முப்பது முடிச்சு போட்டு
கறைக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பளம் கீழிருந்து மேலேதான் ஏறும்.
கறை நாலு பக்கமும் போகும்.
நேற்று அடித்து இறுக்கிய வரிசையைத் தாண்டி
இன்று காலை நனைந்திருக்கும்.
அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவீர்களா?
எதற்கு, என்றாள் கொக்கிக் கத்தியைப் பல்லில் கடித்தபடி,
நேற்று அது அவ்வளவுதானே இருந்தது.

எந்தத் தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு
அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பேன்.
பஸார்கான் எல்லைவரை லாரி ஓட்டிய உடம்பு,
சரிந்தால் என்னையும் சேர்த்துச் சாய்க்கும்.
ஒரு கை அவர் முதுகில், மறுகையில் குவளை.
பக்கவாதம் அவருக்கு விட்டுவைத்தது
ஒரே ஒரு சொல்.
இன்னும், என்பார்.
ஊற்றுவேன்.
இன்னும்.
ஓடுகளின் இடுக்கில் அது எங்கே போகிறதென்று
யார் பார்த்தார்கள்?

எஸ்ஃபந்தில் ஒருநாள் மறுபடி வந்தாள்.
குரலில் கொஞ்சம் கோபம்.
மூன்று நாளாகக் கோடு நகரவில்லை,
குழாய்க்காரரை வரவழைத்துவிட்டீர்களா?
இல்லை, என்றேன்.
வாசலில் கிடந்த இருபது ஜோடிக் காலணிகளை
அப்போதுதான் பார்த்தாள்.
பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்தாள்,
வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

ஒரு வாரம் கீழிருந்து சத்தமில்லை.
எட்டாம் நாள் தறியில் சீப்பு அடிக்கும் ஒலி,
தட், தட், என் பாதத்துக்கடியில்.
அன்று மாலைக்குள் அதுவும் நின்றுவிட்டது.

உஸ்தா ஹபீப் வந்து ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தார்.
குழாயில் ஒரு குறையுமில்லை, பூச்சுதான் போயிருக்கிறது.
இரண்டு மணி நேர வேலை என்றார்,
அதற்கு ஒரு நாள் கூலி வாங்கினார்.

இலையுதிர்காலத்தில் தெஹ்ரானில் கண்காட்சி.
மாரால் அனுப்பிய அழைப்பிதழோடு போய் நின்றேன்.
மூன்று பக்கம்தான் மீன்கள்.
மேலே ஒரு சாண் உயரத்துக்கு
முடிச்சே இல்லாமல் வெறும் வெள்ளைப் பாவு.
முடிக்காமலா தொங்கவிட்டிருக்கிறார்கள்
என்று கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியிடம் கேட்டார்.
பக்கத்தில் சின்னச் சீட்டு:
கம்பளி, பருத்தி, அக்ரூட் தோல், மேல்வீட்டுத் தண்ணீர்.

தொடாதீர்கள், என்றான் காவலாளி.
தொடவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன், என்றேன்.
பாதிக்குச் சற்று மேலே ஓரிடத்தில்
இடப்பக்கம் மட்டும் திடீரென
ஒரு விரற்கடை அகன்றிருக்கிறது.
பஹ்மன் பதினொன்று.
இரண்டு நாள் எரிவாயு இல்லாமல் கிடந்து
மூன்றாம் நாள் இரவு வெந்நீர் வந்தது.
அன்றைக்கு வாளி முழுவதும் ஊற்றினேன்.