கடைசி யார்?

ஹிஹோன் நகரில் எனக்கு முதலில் வசப்பட்டவை எண்கள்.
ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்தபடியே
ஊனோ, தோஸ், த்ரேஸ்.
நாற்பதைத் தாண்டினால் நாக்கு சுளுக்கும்.

அடுத்தது கிலோ.
எங்கள் ஜார்ஜிய மொழியில் 'கி' என்றால் ஆமாம்.
யார் கிலோ என்று வாயெடுத்தாலும்
சொல் முடிவதற்குள் தலையாட்டிவிடுவேன்.
அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை
மூன்று கிலோ கத்தரிக்காயோடு வீடு வந்தேன்.

பேருந்துச் சீட்டின் பின்பக்கம், எங்கள் வளைந்த எழுத்தில்:
குவாந்தோ குவெஸ்தா, என்ன விலை.
மெதியோ, அரை.
நாதா மாஸ், வேறொன்றும் வேண்டாம்.
என் பெயர் நாதேலா என்று சொல்லப் போனால்
நாதா வரைக்கும் கேட்டுவிட்டுப்
பையைக் கட்டிவிடுகிறார்கள்.

பூண்டுக்கு ஆஹோ. கண்ணுக்கு ஓஹோ.
"ஒரு தலை கண் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறேன்.
காய்கறிக்கார எலோயினா கத்தியைக் கீழே வைத்து
தன் இமைகளைத் தொட்டுக் காட்டினாள்:
இரண்டுதான் இருக்கு, விற்பதற்கில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது பேருந்தில் ஏறிய பிறகு.
பூண்டோடு ஒரு கொத்து பார்ஸ்லியும் பையில் கிடந்தது.
நான் கேட்கவில்லை, அவள் காசு வாங்கவில்லை.
அதன் பெயரை இன்னும் கற்கவில்லை.

மீன்கடைதான் கஷ்டம்.
அங்கே வரிசையைக் காணோம்.
ஒருத்தி தூணில் சாய்ந்திருப்பாள், ஒருவர் பேப்பர் படிப்பார்,
ஆலிவ் கடைப் பக்கம் இரண்டு பேர் வம்பளப்பார்கள்.
நான் ஐஸ் படுக்கைக்கு நேர் எதிரே
நெத்திலியைக் கண்ணுக்குக் கண் பார்த்து நிற்பேன்.
எனக்குப் பின்னால் வந்தவர்கள்
எனக்கு முன்னால் வாங்கிப் போனார்கள்.
ஒரு வாரம்.
என் முகம்தான் காரணம் என்று முடிவுகட்டி
மடிக்க வேண்டிய விரிப்புகளைக் கசக்கினேன்.

எட்டாம் நாள் காதில் விழுந்தது.
உள்ளே நுழைகிறவர்கள் யாரையும் பார்க்காமல்
காற்றில் ஒரு கேள்வியை எறிகிறார்கள்:
கியேன் எஸ் எல் உல்திமோ?
கடைசி யார்?
எங்கிருந்தோ ஒரு விரல் உயரும்.
வந்தவர் அந்த விரலை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்,
காபி குடித்துவிட்டுக்கூட வரலாம்.
இத்தனை நாளும் வரிசை வாய்வழியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
ஊமையாய் நின்ற நான்
யாருடைய கணக்கிலும் வரவில்லை.

மறுநாள் நானும் எறிந்தேன்.
குரல் உடைந்து, 'உல்' மட்டும் ஒழுங்காக வந்தது.
ஆலிவ் கடைப் பக்கமிருந்து நீல மழைக்கோட்டுக்காரி
வம்பை நிறுத்தாமலே கை தூக்கினாள்.
அந்த நீலத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. சொட்டும் குடையோடு ஒருவர்.
கடைசி யார்?

சலவைக்கூடத்தில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காத சொல்.
"யோ" என்றேன்.
நான்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்று
நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.
மழை என்ற சொல் பிடிபட்டது.
முழங்காலைத் தடவிக்கொண்டதால் முழங்காலும்.
மற்றதெல்லாம் ஓடிப்போனது.
கி, கி, என்றேன்.

"கிலோவா? எதில்?" என்று
மீன்காரர் தராசுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

நீல மழைக்கோட்டு சட்டென்று திரும்பி,
என்னை விரலால் சுட்டிச் சொன்னது:
"எனக்கப்புறம்தான் இவள்."