கழுவினாங்களே

பதினொன்று நாற்பதுக்கு அழைப்பு.
மேசைமேல் அன்றைய சாம்பிள்கள்,
முப்பத்திரண்டு கிண்ணம் ஜவ்வரிசி.
வெளுப்புக்கு மார்க் போடுவது என் வேலை.
பழுப்பு தட்டினால் மூட்டைக்கு இவ்வளவு என்று விலை இறங்கும்.
"நறுமுகை அம்மாங்களா? காய்ச்சலெல்லாம் இல்லீங்க,
கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார் ரெஜினா மிஸ்.

அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
சரக்கு வண்டி நகர்ந்து முடியும்வரை
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு எண்ணினேன்:
பென்சில் எடுத்திருப்பாள்,
யாரையாவது கடித்திருப்பாள்,
ஊஞ்சலிலிருந்து தள்ளியிருப்பாள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னிப்பு கைவசம் இருந்தது.

மிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்,
தப்பு அவருடையது போல.
பத்தரை மணிக்கு பிஸ்கட் டப்பா திறக்கையில்
பக்கத்தில் உட்காரும் அனிமா டிர்க்கியிடம்
என் மகள் கேட்டிருக்கிறாள்:
"உங்கம்மா உன்னக் கழுவவே மாட்டாங்களா?"

அனிமா அழவில்லையாம்.
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"காலையில கழுவினாங்களே" என்றாளாம்.
தமிழ் கேட்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் அந்தப் பிள்ளை.
அந்தக் கடைசி ஏகாரத்தை
யாரிடமிருந்து பிடித்தாளோ.

ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்.
அப்பாவுக்கு சேகோ ஆலையில் கிழங்குத் தொட்டி வேலை.
அவர் உரித்துப் போட்டதுதான் ஒருவேளை
என் கிண்ணத்தில் வெளுத்துக் கிடக்கிறது.
அப்போது இது எனக்குத் தோன்றவில்லை.
அப்போது தோன்றியது இவ்வளவுதான்:
மற்ற அம்மாக்களுக்குத் தெரியுமா?

"வீட்டில யாராவது..." என்று இழுத்தார் மிஸ்.
"அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க."
கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

வீட்டில் யாராவது.
வெள்ளிக்கிழமைதோறும் கடலைமாவும் தயிரும்.
"கழுத்தைக் காட்டு. பாரு, எவ்ளோ கருப்பு.
தேய்ச்சாத்தான் போகும்."
ஆலை வேன் வந்து நிற்கும்போது
துப்பட்டாவை மூக்குக்கு இழுத்தது யார்?
போனில் "இந்திக்காரனுங்க" என்று சிரித்தது?
பின்சீட்டில் ஒரு ஆறு வயது
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தது.

சாயங்காலம் குளியலறையில் ஆரம்பித்தேன்.
"எல்லா நிறமும் அழகுதான் தங்கம்."
"அப்ப எனக்கு எதுக்குத் தேய்க்கிற?"
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

அவள் சோப்பை வாங்கிக்கொண்டாள்.
நாக்கைக் கடித்தபடி
என் முழங்கையைத் தேய்த்தாள், வெகுநேரம்.
தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்த்தாள்.
"உனக்கும் போகல."
"அது அழுக்கு இல்லடி."
"பின்ன என்ன?"
"கை."
"அனிமாவுக்கும் கையா?"
"கை."
கொஞ்ச நேரம் சொம்பைப் பார்த்தாள்.
"அப்ப அவ அம்மா பாவம்" என்றாள்,
"தினம் கழுவுறாங்க, நான் அப்படிக் கேட்டுட்டேன்."

ராத்திரி போனில் தேடி
இந்தியில் ஒரு வரி மனப்பாடம் செய்தேன்.
காலையில் பள்ளி கேட்டில் அனிமாவின் அம்மா,
இடுப்பில் இன்னொரு குழந்தை.
பாதி வரி வந்தது. மீதி தொண்டையில் தொலைந்தது.
அவள் முந்திக்கொண்டாள்:
"பரவால்லக்கா."

இந்த ஊரில் அவள் முதலில் கற்ற தமிழ்
அதுவாகத்தான் இருக்கும்.
எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி
இவ்வளவு சுத்தமாக வந்ததோ.

மணி அடித்தது.
இரண்டும் ஓடின, ஒன்றின் பை மற்றதில் இடித்தபடி.
நறுமுகை ஏதோ சொன்னாள்,
அனிமா சிரித்தாளா என்று முகம் தெரியவில்லை.
பின்கழுத்து மட்டும் தெரிந்தது.
அதில் திட்டுத்திட்டாக, வியர்வையில் ஊறி, பவுடர்.

நேற்று அது இருந்ததா என்று
மிஸ்ஸிடம் கேட்க
எனக்குத் தைரியம் வரவில்லை.