வெளுத்த வானம்

அரூசா கழிமுகத்தில் கடல் வற்றும் நேரம்
மட்டி வாரும் பெண்கள் இறங்குவார்கள்.
இடுப்புவரை ரப்பர் உடை, நீளக் காம்பு வாரி,
கயிற்றில் கட்டிய மிதக்கும் வாளி,
வர மறுக்கும் நாயைப் போல
பின்னால் இழுபட்டு வரும்.

எனக்கு அப்போது இருபத்தாறு.
கேமரா புதிது. தவணை பாக்கி பதினான்கு.

அன்று கிழக்கில் செம்பு, அதன்கீழ் ஊதா,
அதற்கும் கீழே
நண்டின் வயிற்று மஞ்சள்.
ஒரு நிறமும் சிந்தக் கூடாதென்று
வானத்துக்கு ஒளியளவை வைத்துவிட்டுக்
கத்தினேன்:
இன்னொரு முறை குனியுங்கள்!
கொஞ்சம் இடப்பக்கம்! வாரியைத் தூக்கி!
ஏழு பேரில் ஆறு பேர்
காதில் போட்டுக்கொள்ளவில்லை.
சபேலா மட்டும் குனிந்தாள்.
நான்கு முறை. இல்லை, ஐந்து.

படத்துக்குப் பரிசு கிடைத்தது.
பெரிதாக்கி, சட்டம் போட்டு
மீன் ஏலக்கூடத்துச் சுவரில் மாட்டினார்கள்.
ரொட்டியைக் கடித்தபடி வந்தாள் சபேலா.
மெல்லுவதை நிறுத்தாமல் பார்த்தாள்.
"இதில் நான் எது?"

எரியும் வானத்தின் முன்னே
ஏழு கறுப்புத் துண்டுகள்.
இடமிருந்து எண்ணினேன்.
"மூன்றாவது."
"அது தோசிந்தா.
எங்களில் அவளுக்குத்தான் இடக்கை."

பிறகு, போகிற போக்கில்:
"ஐந்து முறை குனியவைத்தாய் பிரெய்ஷோ,
அதற்குள் கடல் ஏறிவிட்டது.
முக்கால் கிலோ எனக்கு நீ பாக்கி."

அன்றிரவு எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன்.
நிழலுருவும் கலைதானே.
முகம் தெரிந்தால் அது அடையாள அட்டை.
இப்படி இன்னும் பல.
பிறகு பழைய படங்களைத் திறந்தேன்.
லூகோ சந்தையில்
மாட்டின் கண்ணில் ஒளி துல்லியம்,
விற்றவனுக்குத் தலையே இல்லை.
அப்பாவின் கடைசிப் பிறந்தநாளில்
ஒவ்வொரு மெழுகுத்திரியும் கூர்மை,
ஊதுகிற அப்பா
மங்கல்.

அதை மட்டும் மூட முடியவில்லை வெகுநேரம்.

பிப்ரவரியில் கேமரா இல்லாமல் போனேன்,
முக்கால் கிலோவை வாரிக் கொடுத்துவிட.
"உரிமம் இல்லாதவன் வாரியைத் தொட்டால் அபராதம்.
மூட்டை தூக்கு."
தூக்கினேன்.
உப்புநீர் முதுகில் வழிந்து
பூட்ஸுக்குள் இறங்கியது.
மூன்றாம் நாள் வலக்கை
காப்பிக் கோப்பையைப் பிடிக்க மறுத்தது.

தண்ணீரில், அவள் உயரத்தில் நின்றபோதுதான்
தெரிந்தது அவள் உதடு எண்ணுவது.
ஐம்பதில் ஒருமுறை நின்று மீண்டும் ஒன்று.
அளவுச் சட்டத்தில் நழுவும் சின்ன மட்டிகளைத்
திட்டிக்கொண்டே கடலில் திரும்ப எறிவது.
இடது காதில் மட்டும் தோடு.
மற்றது நவம்பரில் சேற்றில் விழுந்ததாம்.
ஒவ்வொரு முறை வாரும்போதும்
அதையும் சேர்த்துத்தான் தேடுகிறாளாம்.
"கிடைக்காது, தெரியும்" என்றாள்.
தெரிந்தே தேடினாள்.

பாக்கி எப்போது தீர்ந்தது என்று அவள் சொல்லவில்லை.
மார்ச்சில் ஒரு காலை,
"கேமரா எங்கே, விற்றுவிட்டாயா?"

மறுநாள் கொண்டுபோனேன்.
வானம் அன்றும் எரிந்தது,
போன முறையைவிட அழகாக,
வேண்டுமென்றே செய்வதுபோல.
ஒளியளவை அவள் கன்னத்துக்கு வைத்தேன்.
குனியச் சொல்லவில்லை.
அவளாகக் குனிந்தபோது அழுத்தினேன்.

அச்சில் வானம் இல்லை.
துவைத்த துணிபோல வெள்ளை.
ஒரு முழு விடியலைத் தொலைத்திருந்தேன்.
அதன் நடுவில்
எண்ணிக்கொண்டிருக்கும் உதடு,
ஒற்றைத் தோடு,
தோடில்லாத காதின் சின்னத் துளை.

ஏலக்கூடத்து வாசலில் வைத்துக் காட்டினேன்.
ஈரக் கையை உடையில் துடைத்து வாங்கினாள்.
இம்முறை எதையும் கேட்கவில்லை,
மூக்கு பெரிதாக இருக்கிறது என்றாள்.
தோசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
பிறகு படத்தின் ஓரத்தில் விரல் வைத்து,
"வாரியின் பல்லை வெட்டிவிட்டாயே.
பல் இல்லாமல் எதைக்கொண்டு வாருவேன்?"

நான் பார்க்கவே இல்லை அதை.

"நாளை ஐந்தே முக்காலுக்கு வற்று" என்றாள்.
"தாமதமாக வராதே."