கை வைக்காத கூலி

நாலாம் நம்பர் மலையை யந்திரம் புரட்டிய வாரம்
விறகுக்கென்று ஆளுக்கொரு தூர் இழுத்துப் போனார்கள்.
நவநீதன் பதினொன்று இழுத்து வந்தான்.
லயத்து வாசலில் கால் வைக்க இடமில்லை.
"கல்யாணச் சமையலா?" என்றாள்
பக்கத்துக் காம்பரா ஜெபராணி.

முதல் தூரில் கொக்கு.
அடுத்ததில் மயில்.
மூன்றாவது ஏற்கெனவே பாம்புதான்,
கண் மட்டும் வைத்தான்.
பண்டாரவளையில் திலகசிறி கடை வாசலில் அடுக்கினோம்.
எல்ல பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள்
தூக்கிப் பார்த்தார்கள்,
கனம் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஹாம்பர்க்கிலிருந்து யுட்டா எழுதினாள்.
மகள் படித்துச் சொன்னாள்:
கொக்கு வேண்டாம். மயில் வேண்டாம்.
உளி படாத தூர் வேண்டும்.
மண் போகக் கழுவி, பூச்சி சாகப் புகை போட்டு,
மற்றபடி இயற்கை எப்படித் தந்ததோ அப்படி.
விலை, கொக்கைப் போல நாலு மடங்கு.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.
"அப்ப நான் எதுக்கு?"

இயற்கை தந்த தூர் எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷமாக
அதன் தலையைக் கிள்ளுகிறவள்.
ஒரு பக்கம் கறையான் தின்று
ஒரு பக்கம் கவ்வாத்துக் கத்தி பிளந்து
நடுவில் எப்போதோ ஒரு கம்பித்துண்டை விழுங்கி
மருந்து ஊறிக் கறுத்து.
அப்படியே ஒன்றை அனுப்பினோம்.
படம் திரும்பி வந்தது, சிவப்பு வட்டங்களோடு:
இது இயற்கையாக இல்லை.

நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஜெபராணியின் கைக்குழந்தை விழித்துக்கொண்டது.

அதற்குப் பின்தான் அவனுக்குத் தொழிலே ஆரம்பம்.
கத்தி வெட்டை, ஆற்றில் உருண்டு தேய்ந்த மாதிரி ஆக்குவது.
இல்லாத ஓட்டையை மழை போட்ட மாதிரி போடுவது.
ஆறாம் நம்பர் உளி, அப்புறம் உடைந்த கண்ணாடி,
அப்புறம் உப்புத்தாள்,
கடைசியில் என் பழைய சேலைத் துண்டு.
கொக்குக்கு ஒரு நாள் போதும்.
யாருமே தொடாத மாதிரி ஆக்க
ஐந்து நாள்.
கணக்குக் கொப்பியில் இதை என்னவென்று எழுத?
மகள் எழுதினாள்: கை வைக்காத கூலி.

பெட்டிக்கு இரண்டு ஸ்டிக்கர்.
கையால் செய்தது என்று ஒன்று.
கைபடாதது என்று ஒன்று.
இரண்டையும் நான்தான் ஒட்டுகிறேன்,
ஒன்றையொன்று பார்த்துவிடாதபடி
எதிரெதிர்ப் பக்கத்தில்.

தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்றுதான்
எங்கள் ஆட்களைக் கப்பலேற்றினார்களாம்.
தோண்டிப் பார்த்தாச்சு, மாசி இல்லை.
யூரோ இருந்திருக்கிறது.
முழுசாக என்று நினைக்காதீர்கள்.
திலகசிறிக்கு, கப்பலுக்கு, புகைச் சான்றிதழுக்கு,
அப்புறம் துரைக்கு.
விறகாய் இருந்தவரை சும்மா கொடுத்தவர்
இப்போது கிலோவுக்கு விலை சொல்கிறார்.

போன மாதம் அங்கே யாரோ ஒருத்தர்
ஒரேயொரு நட்சத்திரம் போட்டிருந்தார்.
அழகு, ஆனால் தேயிலை வாசம் வரவில்லை.

வேரில் ஏது தேயிலை வாசம்?
இருந்தது மண் வாசம்.
அதையும் நீங்கள்தானே கழுவச் சொன்னீர்கள்.

நவநீதன் ஒன்றும் பேசவில்லை.
பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினான்.
நான் கடைக்குப் போய் டஸ்ட் தூள் ஒரு பக்கட்
கடனுக்கு வாங்கி வந்தேன்.
கறுக்கக் காய்ச்சி
பாதியைச் சீனி போட்டுக் குடித்தோம்.
பாதியில் துணியை முக்கித் தூரைத் துடைத்தேன்,
காயக் காய, மூன்று தடவை.

நாற்பது நாள் கடல்.
அதுவரை வாசம் நிற்குமோ என்னவோ.

விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போனேன்.
கங்காணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:
"என்ன புள்ள,
பேக்டரியில வேலை போட்டுட்டாங்களா?"